இரண்டு ஆனி மூர்கள்

1892 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் அன்றுதான் திறக்கப்பட்டது. ‘நெவாடா’ என்ற நீராவிக் கப்பல் முந்தைய நாள் மாலையே வந்து நின்றுவிட்டது. அதன் கீழ்த்தளத்தில் பயணம் செய்தவர்கள் 148 பேர். மறுநாள் காலை அவர்களைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். புதிய நிலையத்தின் பதிவேட்டில் முதலாவதாக ஏறிய பெயர் ஆனி மூர். அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த சிறுமி, கூடவே ஆன்டனி, ஃபிலிப் என்று இரண்டு தம்பிகள். நிலையத்தின் தலைமை அதிகாரி ஜான் வெபர் அவள் கையில் பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றைக் கொடுத்தார். அவளுக்கு வயது 15 என்றும், அன்று அவளுக்குப் பிறந்தநாள் என்றும் பத்திரிகைகள் எழுதின.

1954இல் மூடப்படும்வரை எல்லிஸ் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் போனவர்கள் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர். அவர்களில் முதல் ஆள் என்பதால் ஆனி மூர் வரலாற்றில் இடம்பிடித்தாள். நாணயத்தை வாங்கிக்கொண்டு வெளியே நடந்த பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்பது பொதுவெளியில் யாருக்கும் தெரியாமல் போனது. பெரிய வரலாறு இப்படித்தான் நடந்துகொள்ளும். வாசல்வரை கையைப் பிடித்து அழைத்துவரும், அப்புறம் விட்டுவிடும்.

ஐரிஷ் குடும்பங்களின் கொடிவழியைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள நிகழ்வு கிடையாது என்பது என் எண்ணம். கென்னடி, ஒபாமா, பைடன் குடும்பங்களின் ஐரிஷ் வேர்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். அவை வென்றவர்களின் கொடிவழிகள். கிளையைப் பிடித்து இறங்கினால் வேர் வந்துவிடும் என்ற தெம்போடு தேடப்பட்டவை. ஆனி மூரின் கதையில் முதலில் கிடைத்த விடை தவறு. அந்தத் தவறான விடையைப் பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள், விழா எடுத்தார்கள். எப்படி அது நடந்தது, எப்படி அது உடைந்தது என்று பார்த்தால்தான் இந்தத் தேடலின் உள்வேலை புரியும்.

டெக்சாஸ் கதை

நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கதை இது. ஆனி மூர் கிழக்குக் கரையை விட்டு மேற்கே போனாள். டெக்சாஸில் வாழ்ந்தாள். அயர்லாந்தில் ‘விடுதலையாளர்’ என்று போற்றப்படும் டேனியல் ஓ’கானலின் வழிவந்த ஒருவரை மணந்தாள். 1923இல் ஃபோர்ட்வொர்த் அருகே டிராம் வண்டி மோதி, 46 வயதில் இறந்தாள்.

கேட்கக் கேட்க இனிக்கிற கதை. முதல் குடியேறி, மேற்கு நோக்கிய பயணம், தேசத் தலைவரின் வம்சத்தில் சம்பந்தம், நடுவயதில் துயர மரணம் என்று காவியத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. அந்த டெக்சாஸ் பெண்ணின் வழியினர் எல்லிஸ் தீவு நினைவு விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நினைக்கக் காரணம் ஏதுமில்லை. அவர்களுடைய பாட்டியின் பெயர் உண்மையிலேயே ஆனி மூர்தான். ‘எல்லிஸ் தீவில் முதலில் கால் வைத்தது ஓர் ஆனி மூர்’ என்று செய்தி வரும்போது, ‘நம் ஆனி மூராகத்தான் இருக்க வேண்டும்’ என்று ஒரு குடும்பம் நினைத்துவிடுவது இயல்பு. ஒருமுறை அப்படி நினைத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது கேள்விப்பட்ட செய்தியாக இருக்காது, பாட்டியே சொன்ன செய்தியாகிவிடும்.

2000களின் தொடக்கத்தில், குடியேற்றம் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்காக மெகன் ஸ்மோலென்யாக் என்ற அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் இந்தக் கதையைத் தொட்டார். படத்துக்கு ஆதாரக் காகிதம் வேண்டுமே என்பதற்காக டெக்சாஸ் ஆனி மூரின் பதிவுகளைப் புரட்டினார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவர் தேடியது அயர்லாந்து, கிடைத்தது இல்லினாய். ஒரு காகிதத்தில் மட்டும் அப்படி இருந்தால் எழுத்தரின் பிழை என்று தள்ளிவிடலாம். அடுத்தடுத்த பதிவுகளும் அதையே சொன்னால் தள்ள முடியாது. இல்லினாயில் பிறந்த பெண் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து குடியேற வேண்டியதில்லை.

ஒரே ஒரு கட்டம். அதைப் பார்க்க முன்பே வாய்ப்பிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 72 ஆண்டுகளுக்குப் பின் பொதுப் பார்வைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்க்கவில்லை. கதை நன்றாக இருந்ததால் சரிபார்க்கத் தோன்றவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை, கொஞ்சம் எரிச்சல் மட்டும் உண்டு. டெக்சாஸ் குடும்பத்தின் மேல் அல்ல, அவர்களை மேடையேற்றியவர்கள் மேல். குடும்பத்துக்குப் பாட்டியை நம்பும் உரிமை உண்டு. மேடை போடுகிறவர்கள் காகிதத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

தீயும் திருமணமும்

சரி, டெக்சாஸ் பெண் இல்லை. அப்படியானால் உண்மையான ஆனி எங்கே? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பெயரை வைத்துத் தேடினால் அவள் அகப்படவே மாட்டாள். அதற்குக் காரணங்கள் உண்டு.

ஆனியின் பெற்றோர் மேத்யூவும் ஜூலியாவும் 1888இலேயே நியூயார்க்குக்கு வந்துவிட்டார்கள். மன்ஹாட்டனில் மன்ரோ தெரு 32ஆம் எண் வீட்டில் குடியிருந்தார்கள். முதலில் பெரியவர்கள் போவது, ஓரளவு காலூன்றியதும் பிள்ளைகளுக்கு டிக்கெட் அனுப்புவது, இதுதான் அன்றைய ஐரிஷ் வழக்கம். எனவே 1890 கணக்கெடுப்பில் இந்தக் குடும்பத்தைத் தேடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 1890 கணக்கெடுப்பின் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சிக்கிச் சேதமடைந்து, ஏறக்குறைய முழுவதுமே இல்லாமல் போயின. 1892இல் நியூயார்க் மாநிலம் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் மன்ஹாட்டனுக்கு உரிய பகுதி மட்டும் கிடைக்கவில்லை. எல்லிஸ் தீவின் அந்தப் பைன் மரக் கட்டடமும் 1897 ஜூனில் எரிந்து சாம்பலானது. அதிலிருந்த குடியேற்றக் காகிதங்களும் அதோடு போயின. நல்லவேளையாக, கப்பல் நிறுவனங்கள் சுங்கத்துறையிடம் கொடுத்த பயணிப் பட்டியல்கள் வேறிடத்தில் இருந்ததால் நெவாடாவின் பட்டியல் தப்பியது.

ஆக, அடுத்து நமக்கு மிஞ்சுவது 1900 கணக்கெடுப்பு. அதற்குள் ஆனிக்குத் திருமணமாகிவிட்டது. மூர் என்ற பெயர் அவளை விட்டுப் போய்விட்டது. 1900இன் தாள்களில் நியூயார்க்கில் ‘ஆனி மூர்’ என்று யாரைக் கண்டாலும், அவள் நாம் தேடுகிறவள் இல்லை; ஒன்று பிறப்பாலேயே மூரான வேறொரு ஆனி, அல்லது ஒரு மூரை மணந்துகொண்ட வேறொரு ஆனி.

பெண் வழியைத் தேடும் எல்லோரும் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான். கப்பலில் ஒரு பெயர், கல்லறையில் ஒரு பெயர், நடுவே திருமணப் பதிவேட்டின் ஒரே ஒரு வரி. அந்த வரி கிடைக்காவிட்டால் இரண்டு பெயர்களும் இரண்டு மனுஷிகளாகவே இருந்துவிடும்.

தம்பியைப் பிடி

அக்காளைத் தேட வேண்டுமானால் தம்பியைத் தேடு. இந்தத் துறையில் பழகியவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆண்களின் குடும்பப் பெயர் மாறுவதில்லை. அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள், ஓட்டுப் போட்டார்கள், படைப் பதிவில் கையெழுத்திட்டார்கள். காகிதத்தில் அவர்களுடைய தடம் ஆழமானது. நெவாடாவின் பட்டியலில் ஆனியின் பெயருக்குக் கீழேயே ஆன்டனி, ஃபிலிப் என்ற பெயர்கள் இருந்தன. ஆனி மூர் ஆயிரம் பேர் இருக்கலாம். தந்தை மேத்யூ, தாய் ஜூலியா, சகோதரர்கள் ஆன்டனியும் ஃபிலிப்பும் என்று அமைந்த மூர் குடும்பம் நியூயார்க்கில் எத்தனை இருந்திருக்கும்? ஒருவரின் பெயர் அடையாளமாகாது, ஒரு வீட்டாரின் பெயர்த்தொகுதி அடையாளமாகும். என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் சாரம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

2006இல் ஸ்மோலென்யாக் இணையத்தில் ஓர் அறைகூவல் விடுத்தார். உண்மையான ஆனி மூரை அடையாளம் காட்டும் ஆதாரத்துக்கு ஆயிரம் டாலர் பரிசு. நியூயார்க் நகரின் ஆவணத்துறை ஆணையராக இருந்த பிரையன் ஆண்டர்சன் தேடலில் சேர்ந்துகொண்டார். தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழ் கையில் கிடைத்தது. அதுவே கயிற்றின் நுனி. 1930 கணக்கெடுப்பில் ஃபிலிப்பின் வீட்டில் ஆனா என்றொரு மகள் இருந்தாள். அந்த மகளின் வழியே உயிரோடு இருக்கும் உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அறைகூவல் விடுத்து சுமார் ஆறு வாரங்களில் விடை வந்துவிட்டது. செப்டம்பரில் நியூயார்க்கில் அதை அறிவித்தார்கள்.

பல ஆண்டுகள் நிலைத்திருந்த கதையை ஆறு வாரத்தில் கவிழ்த்தார்கள் என்றால் ஏதோ மந்திரம்போலத் தோன்றும். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: முன்னோக்கி வந்து, பின்னோக்கிப் போனார்கள். கப்பலிலிருந்து தம்பி, தம்பியிலிருந்து அவர் மகள், மகளிலிருந்து இன்றைய உறவினர்; அங்கிருந்து திரும்பி, குடும்ப நினைவுகளையும் தேவாலயப் பதிவுகளையும் பிடித்து மீண்டும் ஆனியிடம். இரண்டு பக்கமிருந்து தோண்டிய சுரங்கம் நடுவில் சந்தித்தபோது அங்கே நின்றவள்தான் நிஜ ஆனி.

அவள் மேற்கே போகவே இல்லை. மன்ஹாட்டனின் கிழக்குக் கீழ்ப்பகுதியில், வந்து இறங்கிய அதே வட்டாரத்தில், சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிட்டாள். ஜோசஃப் அகஸ்டஸ் ஷாயர் என்ற, ஜெர்மானியக் குடியேறிகளின் மகனை மணந்தாள். அவர் ஃபுல்டன் மீன் சந்தையில் விற்பனையாளர். குறைந்தது பதினொரு பிள்ளைகள் பிறந்தார்கள். பெரியவர்களாக வளர்ந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. மற்றவர்கள் மூன்று வயதை எட்டுவதற்குள் இறந்துபோனார்கள். ஒண்டுக்குடித்தன அடுக்குமாடிகளில் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் வாழ்ந்த ஏழைத் தாய்மார் பலருக்கு நேர்ந்ததுதான் அது. 1924 டிசம்பர் 6 அன்று, 50ஆவது வயதில், இதயம் செயலிழந்து ஆனி இறந்தாள். குவீன்ஸ் பகுதியிலுள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

டேனியல் ஓ’கானல் வம்சம் எங்கே, மீன் சந்தை எங்கே! ஆனால் ஐரிஷ் குடியேற்றத்தின் உண்மையான முகம் இரண்டாவது கதையில்தான் இருக்கிறது. பெரும்பாலானோர் மேற்கே போகவில்லை. பணமும் இல்லை, நிலம் பார்க்கும் ஆசையும் இல்லை. பஞ்சத்தைத் தந்த நிலத்திடமிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் நகரத்தின் கூலியைத்தான் நம்பினார்கள்.

வயது என்ன சொல்கிறது

பிறப்புப் பதிவின்படி ஆனி பிறந்தது 1874 ஏப்ரல் 24. அப்படியென்றால் 1892 ஜனவரி 1 அன்று அவளுக்கு வயது 17 முடிந்து எட்டு மாதம். 15 என்பதும் தவறு, அன்று பிறந்தநாள் என்பதும் தவறு. தேடுகிறவர் ‘1877 ஜனவரி 1’ என்று எழுதிவைத்துக்கொண்டு கார்க் பதிவேடுகளைப் புரட்டியிருந்தால் ஆயுள் முழுக்கப் புரட்டிக்கொண்டே இருந்திருப்பார்.

ஐரிஷ் ஆவணங்களில் வயது என்பது ரப்பர் மாதிரி. இதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1901 கணக்கெடுப்பையும் 1911 கணக்கெடுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இடைப்பட்ட பத்தாண்டில் பதினைந்து வயது கூடிய கிழவர்களும் கிழவிகளும் ஊருக்கு ஊர் தென்படுவார்கள். எனவே வயதை வைத்து ஒருவரைச் சேர்ப்பதும் கூடாது, வயது ஒத்துவரவில்லை என்று தள்ளுவதும் கூடாது. ஐந்தாறு ஆண்டு முன்னே பின்னே வலை விரித்துத்தான் தேட வேண்டும்.

எந்த மூர்?

இனி குடும்பப் பெயருக்கு வருவோம். ஐரிஷ் குடும்பப் பெயர்களைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது எளிது. ‘மாக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், விரித்துச் சொன்னால் வழித்தோன்றல். தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்துதான் வருகிறது. ஐரிஷ்காரர்களிடமும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்று ஒரு வழக்கம் உண்டு. கொடிவழி தேடுகிறவர்கள் பிள்ளைகளின் பெயர் வரிசையைப் பார்த்து, இன்னும் காணாத பாட்டனின் பெயரை ஊகிப்பார்கள். ‘மாக்’ என்பதையும் ‘மகன்’ என்பதையும் பார்த்து யாரும் மொழி உறவு பேசப் புறப்பட வேண்டாம். அது வெறும் தற்செயல்.

மூர் என்ற பெயருக்கு ஐரிஷ் மூலம் ‘ஓ மோர்தா’. எழுத்துப்படி அப்படி, இன்றைய வாய்மொழியில் கிட்டத்தட்ட ‘ஓ மோர’ என்று ஒலிக்கும். மோர்தா என்றால் கம்பீரமானவன், பெருமிதம் கொண்டவன். நடு அயர்லாந்தில் இன்று லீஷ் எனப்படும் பகுதியின் ஆட்சிக்குலம் அது. டனமேஸ் என்ற பாறைக் குன்றின் மேல் கோட்டை கட்டி வாழ்ந்தவர்கள். ஆங்கில ஆட்சியோடு தலைமுறை தலைமுறையாக மோதினார்கள். 1556இல் அவர்கள் நிலத்தைப் பறித்து, ஆங்கிலேயரைக் குடியமர்த்தி, ‘அரசியின் மாவட்டம்’ என்று பெயரும் சூட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீஷின் ஏழு குலங்களைச் சேர்ந்தவர்களைப் பிடித்துத் தென்மேற்கே கெர்ரி மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். 1641 கிளர்ச்சியை முன்னின்று திட்டமிட்டவர்களில் ஒருவரான ரோரி ஓ’மூர் இந்தக் குலத்தவர்.

இதைப் படித்ததும் ‘ஆகா, ஆனியின் முன்னோர் லீஷ் அரசர்கள்’ என்று எழுதத் தோன்றும். நினைவுப் பொருள் கடைகளில் குடும்பச் சின்னம் பொறித்த கோப்பை விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மூர் என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குள் வேறு பல ஓடைகள் வந்து கலந்திருக்கின்றன. இங்கிலாந்தில் புதர்நிலத்தை ஒட்டி வாழ்ந்தவருக்கு அந்த நிலத்தின் பெயராலேயே மூர் என்று பெயர். நார்மானியர்களோடு வந்த ‘டி லா மோர்’ குடும்பங்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் ‘மியூர்’ வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் மூர் ஆனது. டப்ளினில் காய்கறிக் கூச்சலுக்குப் பேர்போன மூர் தெரு இருக்கிறது. அது லீஷ் குலத்தின் பெயரால் வந்ததல்ல. டிராகெடா பிரபுவாக இருந்த ஹென்றி மூரின் பெயரால் வந்தது. அவர் முன்னோர் இங்கிலாந்திலிருந்து வந்த குடும்பம். தன் பெயரையும் பட்டத்தையும் துண்டு துண்டாக்கி ஹென்றி தெரு, மூர் தெரு, ஏர்ல் தெரு, டிராகெடா தெரு என்று நகரத்துக்கே சூட்டிவிட்டுப் போனவர் அவர்.

கத்தோலிக்கராக இருந்தால் ஐரிஷ் மூர், புராட்டஸ்டன்டாக இருந்தால் ஆங்கில மூர் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். அதுவும் நம்பத்தக்கதல்ல. நார்மானியர் வழிவந்த பழைய குடும்பங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்களாகவே நீடித்தன. ஓ என்ற முன்னொட்டு இல்லாததும் ஒன்றையும் நிரூபிக்காது. ஆங்கிலேய ஆட்சியில் ஓவையும் மாக்கையும் கழற்றிவைத்த குடும்பங்கள் ஏராளம். 1893இல் கேலிக் லீக் என்ற ஐரிஷ் மொழி இயக்கம் தொடங்கி, ஐரிஷ் மொழிப் பற்று பெருகிய பிறகு பலர் அவற்றைத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஓ’சல்லிவன், தம்பி வெறும் சல்லிவன் என்பதும் உண்டு. எல்லிஸ் தீவு எழுத்தர்கள்தான் குடியேறிகளின் பெயர்களை வெட்டினார்கள் என்ற கதையும் பொய். அவர்கள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே.

எனவே ‘மூர்’ என்ற சொல்லிலிருந்து ஆனியின் வேரை எடுக்க முடியாது. ஊரிலிருந்துதான் எடுக்க வேண்டும். கார்க் மாவட்டத்தில் ஜூலியா என்ற பெயரைக் கவனியுங்கள். தென் அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியில் ஷீலா, ஷிவோன் போன்ற ஐரிஷ் பெயர்கள் பாதிரியாரின் ஏட்டில் ஜூலியா ஆகிவிடும். டீர்மிட் ஜெரமையா ஆவார், டைக் டிமதி ஆவார், கொனஹர் கார்னீலியஸ் ஆவார். கார்க்கிலிருந்து வந்த ஜெரமையாக்களும் கார்னீலியஸ்களும் பைபிள் பற்றினாலும் லத்தீன் பற்றினாலும் அப்படி ஆனவர்கள் அல்ல. குடும்பப் பெயரைவிட முதற்பெயரே ஊரை நன்றாகக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் இவை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மூர் என்பது ஓ மோர்தாவின் ஆங்கில வடிவம் என்றே வைத்துக்கொண்டாலும், ஐரிஷ் மொழியில் ஆனி ஒருபோதும் ‘ஓ மோர்தா’ ஆகமாட்டாள். ஓ ஆண்களுக்கு உரியது. மணமாகாத பெண்ணுக்கு அது ‘நீ’ என்று மாறும், அடுத்த எழுத்தும் குழைந்து ‘நீ வோர்தா’ ஆகும். மணமான பெண்ணுக்கு ‘ஈ’. நியூயார்க் தன் வழக்கப்படி அவள் குடும்பப் பெயரை ஒருமுறை மாற்றியது. ஐரிஷ் மொழியோ, பெண்ணின் பெயருக்குப் பிறப்பிலேயே தனி வடிவம் வைத்திருந்தது.

கார்க் பக்கத்துக் காகிதங்கள்

அயர்லாந்தில் தேடுகிறவர்கள் முதலில் கேட்கும் கெட்ட செய்தி 1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் போயின. உயில்களும், புராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் மேற்பட்டவையும் போயின. 1861, 1871 தாள்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப் போர்க் காலக் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கிவிட்டது. ஆனி வளர்ந்த காலம் முழுவதும் கணக்கெடுப்பே இல்லாத இருட்டு.

ஆனால் ‘எல்லாம் எரிந்துவிட்டது’ என்று கையை விரிப்பதும் சோம்பேறித்தனம்தான். 1864 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் சிவில் பதிவில் உண்டு. 1874இல் பிறந்த குழந்தைக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு ஒரு வரி கிடைக்கும். அவை இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள் டப்ளினுக்குப் போகவே இல்லை. பங்குக் கோவில்களிலேயே இருந்ததால் தப்பின. அவற்றின் நுண்படங்களைத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றியது. அந்த ஏடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஞானப் பெற்றோரின், அதாவது ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்களின் பெயர்களை. தந்தை ஒரு மூர், தாய் வேறொரு குடும்பம், ஞானப் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு பக்கத்துச் சித்தப்பா, அத்தை, மாமன்மார். ஒரே தம்பதியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வரிகளை அடுக்கினால், பெயரே தெரியாத ஒரு தலைமுறை சுற்றிவந்து நிற்கும். நிலக்குடிகளைத் தேடுகிறவர்களுக்கு திருச்சபைக்காக வசூலித்த தசமபாக வரியின் 1820, 30களின் ஏடுகளும், அதற்குப் பின் 1847 முதல் 1864 வரை வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீடும் உண்டு. நகரத்து ஏழைகளுக்கு இவை குறைவாகவே உதவும். வாடகை அறையில் இருந்தவனை எந்த வரி ஏடும் தேடி வராது.

துறைமுகத்தின் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நெவாடா புறப்பட்டது குவீன்ஸ்டவுனிலிருந்து, 1891 டிசம்பர் 20 அன்று. இன்றைய அயர்லாந்து வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்காது. விக்டோரியா அரசி 1849இல் வந்துபோனதற்காகச் சூட்டிய பெயர் அது. 1920களின் தொடக்கத்தில் பழையபடி கோவ் ஆக்கிவிட்டார்கள். குடும்பக் கதையில் ‘பாட்டி குவீன்ஸ்டவுன்காரி’ என்று இருந்தால் பெரும்பாலும் அவள் அந்த ஊர்க்காரி அல்ல. கப்பலேறியது அங்கே, அவ்வளவுதான்.

அந்தக் கோவ் துறைமுகத்தில், தம்பிகளோடு ஆனியின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஜீன் ரின்ஹார்ட் வடித்தது. அவர் வடித்த இன்னொரு ஆனி, எல்லிஸ் தீவின் அருங்காட்சியகத்தில் தனியாக நிற்கிறாள். இரண்டையும் 1993இல் வைத்தார்கள். ஆனி யார் என்றே தவறாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கால்வரியில், முப்பது லட்சம் பேர் புதைந்த அந்தப் பெரும் தோட்டத்தில், அவளுடைய குழிக்கு மேல் அன்று ஒரு கல்கூட இல்லை. அயர்லாந்தின் நீலச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய சிலுவையை அங்கே நட்டது 2008 அக்டோபர் 11 அன்று.